விருது யாருக்கு? ‘வித்’ எதற்கு?

“ஷீ வாஸ் அவார்டட் வித் எ கோல்ட் மெடல்.”

இந்த ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஏதாவது உறுத்துகிறதா?

நம்மில் பலருக்கு உறுத்தாது. பரிசளிப்பு விழா மேடைகளில் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாணவர் மன்றங்களின் ஆண்டறிக்கைகளிலும், தற்குறிப்புகளிலும், லிங்க்ட்இன் பக்கங்களிலும் இப்படி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் அதிகம். அது ‘வித்’. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்: “ஷீ வாஸ் அவார்டட் எ கோல்ட் மெடல்.”

ஒரு சிறு சொல்தானே, அர்த்தம் புரிந்தால் போதாதா என்று கேட்கலாம். பேச்சில் போதும்தான். ஆனால் இந்த வாக்கியம் பெரும்பாலும் எங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழக விண்ணப்பம், உபகாரச் சம்பளத்துக்கான கட்டுரை, வேலைக்கு அனுப்பும் தற்குறிப்பு. நம்மைப் பற்றி நாமே பெருமையாகச் சொல்லும் ஒரே வரி அதுவாக இருக்கலாம். நம்மை அறியாத ஒருவர் சில நொடிகளில் படித்துவிட்டு நகரும் வரியும் அதுதான். அந்த வரி சுத்தமாக இருப்பது நல்லது.

இது மனப்பாடம் செய்து தீர்க்க வேண்டிய பிழையும் அன்று. தமிழ் வகுப்பில் படித்த வேற்றுமை உருபுகள் நினைவிருந்தால், இந்தப் பிழை ஏன் வருகிறது என்பதும் அதைத் தவிர்க்கும் வழியும் தாமாகவே விளங்கும்.

‘கு’ செய்யும் வேலை

தமிழில் ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்தால், பெறுபவரின் பெயரோடு ‘கு’ சேரும். பள்ளி மாணவிக்குப் பதக்கம் வழங்கியது. இது நான்காம் வேற்றுமை. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல் முதலில் சொல்வதே ‘கொடை’ என்பதைத்தான். கொடுப்பது என்றாலே ‘யாருக்கு’ என்ற கேள்வி வந்துவிடும் என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் அன்றே கவனித்திருக்கிறார்கள்.

இந்த ‘கு’ தமிழில் எளிதில் கழன்றுவிடாது. வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றினாலும் அது கூடவே வரும்: மாணவிக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. இங்கே வழங்கப்பட்டது பதக்கம், மாணவி அல்ல.

ஆங்கிலம் வேறு வழியில் போகிறது. “தி ஸ்கூல் அவார்டட் ஹெர் எ மெடல்” என்ற வாக்கியத்தில் பெறுபவர், பெறும் பொருள் என இரண்டு செயப்படுபொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இடையில் எந்த ஒட்டும் இல்லை. இதைச் செயப்பாட்டு வினையாக மாற்ற இரண்டு வழிகள் உண்டு. பதக்கத்தை முன்னே கொண்டுவந்தால், “எ மெடல் வாஸ் அவார்டட் டு ஹெர்.” இதில் உள்ள ‘டு’ நம்முடைய ‘கு’ போன்றது. பெறுபவரை முன்னே கொண்டுவந்தால், “ஷீ வாஸ் அவார்டட் எ மெடல்.” இங்கே ‘டு’ மறைந்துவிடுகிறது; பதக்கம் எந்தத் துணையும் இல்லாமல் வினைக்குப் பின்னால் தனியாக நிற்கிறது.

சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். அந்த வாக்கியம் நம் காதுக்குப் பாதியில் நிற்பதுபோல் ஒலிக்கிறது. நடுவில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று நினைத்து ‘வித்’ என்ற சொல்லை நுழைத்துவிடுகிறோம். ‘வித்’ என்பதற்குத் தமிழில் நெருங்கிய உருபுகள் ‘ஆல்’, ‘ஓடு’. இரண்டும் மூன்றாம் வேற்றுமை. ஒன்று கருவியைக் குறிக்கும், மற்றது உடனிருப்பதைக் குறிக்கும். கொடைக்குரிய நான்காம் வேற்றுமை இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாம் வேற்றுமையைக் கொண்டுவந்து வைக்கிறோம். ‘மாணவி பதக்கத்தோடு வழங்கப்பட்டார்’ என்று தமிழில் யாராவது எழுதினால் நாம் சிரித்துவிடுவோம். யாருக்கு வழங்கினார்கள் என்றும் கேட்போம். ஆங்கிலத்தில் ‘அவார்டட் வித்’ என்று எழுதுவதும் ஏறக்குறைய அதே கதைதான்.

பெனால்டி சோதனை

இலக்கணப் பெயர்கள் வேண்டாம், சுருக்கமாக ஒரு வழி சொல்லுங்கள் என்பவர்களுக்குக் காற்பந்துத் திடலில் ஒரு வழி இருக்கிறது.

தண்டனைப் பகுதிக்குள் தற்காப்பு ஆட்டக்காரர் எதிரணி வீரரைக் கீழே தள்ளிவிடுகிறார். நடுவர் விசில் ஊதுகிறார். வர்ணனையாளர் என்ன சொல்வார்? “லிவர்பூல் ஆர் அவார்டட் எ பெனால்டி.” அவர் “அவார்டட் வித் எ பெனால்டி” என்று சொல்வது நம் காதுக்கே ஒட்டாது.

தேர்வுத்தாளிலும் அப்படித்தான். சரியான விடைக்கு ‘டூ மார்க்ஸ்’ ‘அவார்ட்’ செய்யப்படும். ஓர் எம்ஆர்டி நிலையத்தைக் கட்டும் குத்தகையை நிலப் போக்குவரத்து ஆணையம் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால், அந்த நிறுவனம் ‘வாஸ் அவார்டட் தி கான்ட்ராக்ட்’. இங்கெல்லாம் நாம் ‘வித்’ சேர்ப்பதில்லை. பதக்கம், கேடயம், உபகாரச் சம்பளம் என்று வரும்போதுதான் கை தானாகச் சேர்த்துவிடுகிறது. அப்போது பெனால்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெனால்டிக்கு ‘வித்’ இல்லை என்றால் பதக்கத்துக்கும் இல்லை.

காற்பந்து நடுவரை உதாரணம் காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘அவார்ட்’ என்ற சொல்லே நடுவர்களிடமிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் ஆண்ட நார்மன்களின் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, ‘நன்கு ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வது’ என்பதே அதன் பொருள். அந்தப் பொருள் இன்னும் மறையவில்லை. முதலாளிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான பூசல்களை விசாரிப்பதற்காகச் சிங்கப்பூரில் 1960ல் அமைக்கப்பட்ட தொழில் நடுவர் நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பின் பெயரும் ‘அவார்ட்’தான். அங்கே யாரும் மாலை போடுவதில்லை, கைதட்டுவதில்லை.

ஆக, ‘வாஸ் அவார்டட்’ என்று எழுதும்போது ஒரு நடுவரோ குழுவோ ஆராய்ந்து முடிவெடுத்தது என்ற செய்தி அதற்குள் இருக்கிறது.

‘வித்’ எங்கிருந்து ஒட்டிக்கொண்டது?

விருது பற்றிப் பேசும்போது பக்கத்தில் நடமாடும் வேறு சில வினைகள் ‘வித்’தோடு நன்றாகவே பொருந்தும். அந்தப் பழக்கம்தான் இங்கும் தொற்றிக்கொள்கிறது.

‘ஹானர்’ என்பது அவற்றில் ஒன்று. “ஷீ வாஸ் ஹானர்ட் வித் எ மெடல்” என்பது சரி. ஏன்? தமிழில் சொல்லிப் பாருங்கள்: பதக்கம் வழங்கி அவரைச் சிறப்பித்தார்கள். ‘அவருக்கு’ அல்ல, ‘அவரை’. சிறப்பிக்கப்படுவது ஆள், பதக்கம் அதற்கான கருவி. கருவி என்றால் மூன்றாம் வேற்றுமை, ‘வித்’ பொருந்துகிறது.

இதையே ஒரு பொது விதியாக வைத்துக்கொள்ளலாம். தமிழில் சொல்லும்போது ஆளுக்கு ‘கு’ வந்தால் ஆங்கிலத்தில் ‘வித்’ வேண்டாம். ‘ஐ’ வந்தால் ‘வித்’ வரலாம். ‘கிவ்’, ‘கிரான்ட்’, ‘ஆஃபர்’, ‘அவார்ட்’ எல்லாம் முதல் வகை.

விதி என்றால் விலக்கு இல்லாமலா? இரண்டை நினைவில் வையுங்கள். ஒன்று ‘ரிவார்ட்’. “ஹிஸ் பேஷன்ஸ் வாஸ் ரிவார்டட் வித் எ ஸ்மைல்” என்பது சரியான வாக்கியம். ‘அவார்ட்’, ‘ரிவார்ட்’ இரண்டும் ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்புகள். ஆனால் குணம் வேறு. ‘ரிவார்ட்’ என்பது செய்த செயலுக்குக் கிடைக்கும் கைம்மாறு. தொலைந்த பூனையைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் கிடைப்பது ‘ரிவார்ட்’. பலரை ஒப்பிட்டுப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது ‘அவார்ட்’. இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஒன்றின் ‘வித்’ மற்றொன்றுக்குத் தாவிவிட்டது என்று கருத இடமுண்டு.

இரண்டாவது விலக்கு ‘பிரசென்ட்’. “ஹீ வாஸ் பிரசென்டட் வித் எ டிராஃபி” என்பதும் சரி. மேடையில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பொருள் மாறும் அந்தக் காட்சியை இந்தச் சொல் குறிக்கிறது.

கொடுத்தவர் யார், தேர்ந்தெடுத்தவர் யார்?

இங்கேதான் தற்குறிப்பில் அடிக்கடி நிகழும் இன்னொரு குழப்பம் வருகிறது. விழாவுக்கு ஓர் அமைச்சரோ நாடாளுமன்ற உறுப்பினரோ சிறப்பு விருந்தினராக வந்து கேடயத்தை நம் கையில் தருகிறார். உடனே “அவார்டட் பை தி மினிஸ்டர்” என்று எழுதிவிடுகிறோம். அமைச்சர் தந்தது உண்மை. ஆனால் நம்மைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல. நடுவர் குழு அல்லது ஏற்பாட்டுக் குழு. ஆகவே அமைச்சர் ‘பிரசென்ட்’ செய்தார். அமைப்பு ‘அவார்ட்’ செய்தது. விண்ணப்பப் படிவங்களில் ‘அவார்டிங் பாடி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுத வேண்டியது அமைப்பின் பெயரை. விருந்தினரின் பெயரை அல்ல.

கொடுப்பதைக் குறிக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்ற மூன்றும் ஒரே பொருளுடையவைபோல் தோன்றினாலும், தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார், நிகரானவரிடம் கேட்பவர் ‘தா’ என்பார், தாழ்ந்தவரிடம் கேட்பவர் ‘கொடு’ என்பார் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே உள்ள உறவு வினைச்சொல்லிலேயே தெரியும் என்பதுதான் அதன் கருத்து.

ஆங்கிலத்திலும் அப்படி ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் மேல்தட்டில் இருப்பது ‘கன்ஃபர்’. அதிகாரமுள்ள ஓர் அமைப்பு முறைப்படி அளிக்கும் பட்டத்துக்கு உரிய சொல் அது. பட்டமளிப்பு விழாவில் பல்கலைக்கழக வேந்தர் பட்டங்களை ‘கன்ஃபர்’ செய்கிறார். மலேசியாவில் டத்தோ, டான் ஸ்ரீ போன்ற பட்டங்களுக்கும் இந்தச் சொல்லே பொருந்தும்.

இதிலும் ‘வித்’ வந்து ஒட்டிக்கொள்வதைப் பார்க்கிறோம்: “ஹீ வாஸ் கன்ஃபர்ட் வித் எ டைட்டில்.” இங்கே ‘வித்’ செய்யும் சேட்டை இன்னும் பெரிது. ஏனென்றால் ‘கன்ஃபர் வித்’ என்றால் ஆங்கிலத்தில் ‘கலந்து பேசுதல்’ என்று பொருள். வழக்கறிஞர் தம் கட்சிக்காரரோடு ‘கன்ஃபர்’ செய்வார். அவர் பட்டம் பெற்றாரா, பட்டத்தோடு கலந்தாலோசித்தாரா என்று படிப்பவர் தடுமாறக்கூடும். பாதுகாப்பான வடிவம் இது: “தி டைட்டில் வாஸ் கன்ஃபர்ட் ஆன் ஹிம்.” ‘கன்ஃபர்’ வந்தால் பெறுபவருக்கு முன் ‘ஆன்’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வென்றாரா, பெற்றாரா, ஏற்றாரா?

‘வித்’தை நீக்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. ‘வன்’, ‘வாஸ் அவார்டட்’, ‘ரிசீவ்ட்’, ‘அக்செப்டட்’ என்ற நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் முக்கியம். நான்கும் ஒன்றல்ல.

2016ல் ரியோ ஒலிம்பிக் போட்டியில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலில் 50.39 விநாடிகளில் முதலாவதாக வந்து சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தேடித் தந்தார். அவர் ‘வன்’. முடிவு செய்தது கடிகாரம். எந்தக் குழுவும் கூடி யோசிக்கவில்லை. 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் மலேசியாவின் லீ சோங் வெய் பூப்பந்தில் வெள்ளி வென்றார். அதற்கும் ‘வன்’தான்.

கவிஞர் க.து.மு. இக்பால் 2014ல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கத்தைப் பெற்றார். அது ஓட்டப் பந்தயம் அன்று. பல்லாண்டு எழுத்துப் பணியைக் கருத்தில்கொண்டு அளிக்கப்பட்ட சிறப்பு. இங்கே ‘ரிசீவ்ட்’ அல்லது ‘வாஸ் அவார்டட்’ என்பது ‘வன்’ என்பதைவிடப் பொருத்தமாக இருக்கும். நோபெல் பரிசுக்கு ‘வன்’ என்று செய்திகளில் எழுதுவது வழக்கில் உள்ளதுதான். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை அறிந்து எழுதுவது அழகு.

விருது அறிவிக்கப்படுவதும் அதை ஒருவர் ஏற்பதும்கூட வேறு வேறு. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் பால் சார்த்தருக்கு 1964ல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் அதை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவரைப் பற்றி ‘வாஸ் அவார்டட்’ என்று எழுதலாம். ‘அக்செப்டட்’ என்று எழுத முடியாது. 1991ல் அமைதிக்கான நோபெல் பரிசு ஆங் சான் சூச்சிக்கு அளிக்கப்பட்டபோது அவர் வீட்டுக்காவலில் இருந்தார். ஆஸ்லோவில் அவருடைய மகன்கள் அதை அவர் சார்பில் ‘அக்செப்ட்’ செய்தார்கள். பரிசு அவருக்கு, மேடையில் ஏற்றவர்கள் பிள்ளைகள். நண்பன் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் அவனுக்காக மேடையேறிக் கேடயம் வாங்கியவர்களும் இப்படித்தான் எழுத வேண்டும்: “அக்செப்டட் தி அவார்ட் ஆன் பிஹாஃப் ஆஃப் மை டீம்மேட்.”

சொல்லில் இருக்கும் நேர்மை

பங்கேற்ற அனைவருக்கும் கொடுக்கப்படும் சான்றிதழை ஒருவர் “வன் எ சர்ட்டிஃபிகேட்” என்று எழுதினால் அது இலக்கணப் பிழை அன்று. ஆனால் உண்மைக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. ‘ரிசீவ்ட்’ என்று எழுதினால் போதும். இறுதிச் சுற்றுவரை வந்து பரிசு கிடைக்காமல் போனால் ‘ஃபைனலிஸ்ட்’ என்று எழுதலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

குழுவாகப் பெற்ற பரிசுக்கும் இது பொருந்தும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009ல் வேதியியலுக்கான நோபெல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகிய இருவருடன் பகிர்ந்துகொண்டார். அவரைப் பற்றிய குறிப்புகளில் ‘ஷேர்ட்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. நோபெல் பரிசுபெற்றவருக்கே அந்தச் சொல் பொருந்தும்போது, ஐந்து பேர் சேர்ந்து வென்ற விவாதப் போட்டிக்கு நாம் ‘ஐ வன்’ என்று எழுதுவானேன்? “மெம்பர் ஆஃப் தி வின்னிங் டீம்” என்ற சொற்றொடர் தயாராகவே இருக்கிறது.

‘நாமினேட்டட்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. நோபெல் பரிசுக்கு யார் யாரெல்லாம் பரிந்துரைக்கப்பட்டார்கள் என்ற விவரம் 50 ஆண்டுகளுக்கு வெளியிடப்படாது. ஆகவே, ‘சென்ற ஆண்டு நோபெல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று யாராவது தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டால், நோபெல் அமைப்பிடம் கேட்டு அதை உறுதிசெய்ய வழியில்லை.

பொருள் இல்லாமல் ‘அவார்ட்’ இல்லை

‘வித்’ போலவே பரவலாகக் காணப்படும் இன்னொரு வடிவம்: “ஹீ வாஸ் அவார்டட் ஃபார் ஹிஸ் சர்வீஸ்.” சேவைக்காக என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் என்ன கொடுத்தார்கள்? ‘அவார்ட்’ என்ற வினைக்குக் கொடுக்கப்பட்ட பொருள் கட்டாயம் வேண்டும். பெயர் தெரிந்தால் சேர்த்துவிடுங்கள்: “ஹீ வாஸ் அவார்டட் எ மெடல் ஃபார் ஹிஸ் சர்வீஸ்.” பெயர் சொல்லத் தேவையில்லை என்றால் வினையை மாற்றுங்கள்: “ஹீ வாஸ் ஹானர்ட் ஃபார் ஹிஸ் சர்வீஸ்.” இரண்டுமே சரி.

தமிழிலும் அதே வழுக்கல்

இதுவரை ஆங்கிலத்தைப் பற்றிப் பேசினோம். இருமொழியில் படிக்கும் நமக்கு வழுக்கல் இரண்டு பக்கமும் உண்டு. ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கும்போது ‘அவர் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டார்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பெறுபவர் எழுவாயாக நிற்கலாம், தமிழில் முடியாது. ‘அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது’ என்பதே தமிழ்.

இன்னொன்று, கேட்டுக் கேட்டுப் பழகிப்போனது: ‘மாணவர்களுக்குப் பரிசு வழங்கி கௌரவிக்கப்பட்டது.’ எது கௌரவிக்கப்பட்டது? பரிசா? கௌரவிக்கப்பட்டவர்கள் மாணவர்கள். ‘பரிசு வழங்கி மாணவர்கள் கௌரவிக்கப்பட்டனர்’ என்று எழுதலாம். அதைவிட எளிது, ‘பள்ளி மாணவர்களுக்குப் பரிசு வழங்கிக் கௌரவித்தது’ என்பது. செய்தவர் யார் என்று தெரிந்தால் அவரை எழுவாயாக்கிச் செய்வினையில் சொல்வது பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

ஆஸ்கார் மேடையில் நீண்ட காலம் “அண்ட் தி வின்னர் இஸ்” என்று சொல்லித்தான் பெயரை அறிவித்தார்கள். 1989ல் அதை “அண்ட் தி ஆஸ்கார் கோஸ் டு” என்று மாற்றினார்கள். ஒருவரை வெற்றியாளர் என்றால் மற்ற நால்வரும் தோற்றவர்கள் என்றாகிவிடுமே என்பதால் வந்த மாற்றம் அது. வெற்றி தோல்விப் பேச்சு போய், விருது ஒருவரை நோக்கிச் செல்கிறது என்ற பொருள் வந்தது. கவனியுங்கள், அந்த ‘டு’ நம்முடைய ‘கு’. 2009ல் அந்த மேடையில் இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ஏ.ஆர். ரஹ்மானும் புகழ் எல்லாம் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னார். அங்கும் ஒரு ‘கு’. கொடையைப் பற்றிய பேச்சு எந்த மொழியில் நடந்தாலும் ‘யாருக்கு’ என்ற கேள்வியைச் சுற்றியே வருகிறது.

நீங்களே சரிபார்க்கலாம்

கீழே உள்ள ஆறு வாக்கியங்களில் எவை சரி, எவை தவறு? விடையைப் பார்க்கும் முன் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

1. ஐ வாஸ் அவார்டட் எ ஸ்காலர்ஷிப் இன் 2023.
2. அவர் டீம் வாஸ் அவார்டட் வித் தி சேலஞ்ச் டிராஃபி.
3. தி வாலன்டியர்ஸ் வேர் பிரசென்டட் வித் சர்ட்டிஃபிகேட்ஸ்.
4. மை கிராண்ட்ஃபாதர் வாஸ் கன்ஃபர்ட் வித் எ டைட்டில்.
5. ஷீ வாஸ் அவார்டட் ஃபார் ஹெர் எஸ்ஸே.
6. தி ஃபர்ஸ்ட் பிரைஸ் வாஸ் அவார்டட் டு மை கிளாஸ்மேட்.

ஒன்று, மூன்று, ஆறு ஆகியவை சரி. இரண்டாவதில் ‘வித்’தை எடுத்துவிடுங்கள். நான்காவதை “எ டைட்டில் வாஸ் கன்ஃபர்ட் ஆன் மை கிராண்ட்ஃபாதர்” என்று மாற்றுங்கள். ஐந்தாவதில் என்ன விருது என்று சேருங்கள், அல்லது “ஷீ ரிசீவ்ட் என் அவார்ட் ஃபார் ஹெர் எஸ்ஸே” என்று எழுதுங்கள்.

உங்கள் தற்குறிப்பில் உள்ள விருதுப் பகுதியை இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐந்து விவரங்கள் இருக்கின்றனவா? பெற்றது நீங்களா உங்கள் குழுவா, பெற்றது எதை, அளித்த அமைப்பு எது, எதற்காக, எந்த ஆண்டு. இந்த ஐந்தும் இருந்து, வினைச்சொல்லும் சரியாக அமைந்துவிட்டால் அந்த வரிக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. உழைத்துப் பெற்ற விருது. அதைச் சொல்லும் வாக்கியத்துக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.